பால்மரா, கிரஹாமா: ஒரே பனி வாலுக்கு இத்தனை பெயர் ஏன்?

ஒரு வாசகர் கேட்டது: "எங்கள் வீட்டில் மூன்று அட்லஸ் இருக்கிறது. அப்பா வாங்கிய பழைய அமெரிக்க அட்லஸில் 'பால்மர் தீபகற்பம்'. அதே காலத்து ஆங்கிலேய அட்லஸில் 'கிரஹாம் லாந்து'. பையனின் புத்தகத்தில் 'அண்டார்டிக் தீபகற்பம்'. மூன்றும் ஒரே இடமா? அவன் பள்ளிக்குப் படம் வரைந்துகொண்டு போக வேண்டும், எதை எழுதச் சொல்வது?"

ஜூன் 4, இரவு

மூன்றும் ஒரே இடம்தான். அண்டார்டிகாவின் வட்டமான உடலிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி வளைந்து நீளும் வால் இருக்கிறதே, அது. நீளம் ஏறத்தாழ 1,300 கி.மீ. மேற்கே பெல்லிங்ஸ்ஹவுசன் கடல், கிழக்கே வெட்டல் கடல், நுனிக்கு அப்பால் டிரேக் நீரிணை. நுனி 63 டிகிரி தெற்கிலேயே இருப்பதால் வாலின் வடபகுதி துருவ வட்டத்துக்குள்ளேயே வராது. அண்டார்டிகாவின் பெருநிலம் இவ்வளவு தூரம் வடக்கே வருவது இங்கே மட்டும்தான். முதலில் கண்ணில் பட்ட இடங்களில் இது ஒன்று, சண்டை வந்ததும் இதற்காகத்தான்.

அமெரிக்கர்கள் பால்மர் என்றார்கள், பிரிட்டிஷ்காரர்கள் கிரஹாம் என்றார்கள். சிலிக்கு இது ஓ'ஹிகின்ஸ் நிலம், அர்ஜென்டினாவுக்குச் சான் மார்ட்டின் நிலம், இருவரும் அந்தந்த நாட்டின் விடுதலைத் தலைவர்கள். 1964ல் அமெரிக்க, பிரிட்டிஷ் பெயர்க்குழுக்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. முழுசுக்கும் அண்டார்டிக் தீபகற்பம், வடபாதிக்குக் கிரஹாம் லாந்து, தென்பாதிக்குப் பால்மர் லாந்து. மேற்குக் கரையில் கேப் ஜெரமி, கிழக்குக் கரையில் கேப் அகாசிஸ், இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் எல்லை, 69 டிகிரி தெற்கை ஒட்டி வரும். ஆக உங்கள் மூன்று அட்லஸிலும் தப்பில்லை, அச்சான நாடும் வருஷமும்தான் வேறு. பால்மர் லாந்தில் அமெரிக்கர்களின் பால்மர் நிலையம் இருக்கிறது, அதையும் பையன் குறிக்கலாம்.

ஜூன் 5, காலை

நேற்றிரவு எழுதிய கடைசி வரி தப்பு. பால்மர் நிலையம் பால்மர் லாந்தில் இல்லை. படுத்த பிறகு சந்தேகம் வந்து எழுந்து படத்தைப் பார்த்தேன். அது ஆன்வர்ஸ் தீவில், 64 டிகிரி 46 நிமிடத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு 4 டிகிரிக்கும் மேல் வடக்கே, அதாவது கிரஹாம் லாந்தின் கரையோரத்தில். பையன் தெற்கே குறித்துவிட்டால் அழித்துவிடச் சொல்லுங்கள்.

ஜூன் 5, மாலை

'யார் முதலில் பார்த்தார்கள்' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பெயர்ச் சண்டைக்கே அதுதான் வேர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாம் 1820ல் நடந்தது. ஜனவரி கடைசியில் ரஷ்யாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் அண்டார்டிகாவின் பனி விளிம்பைப் பார்த்தார், ஆனால் அது இந்த வாலிலிருந்து வெகு தூரம் கிழக்கே. அதற்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 30ல், பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்ட் வாலின் நுனியைப் பார்த்து டிரினிட்டி லாந்து என்று பெயர் வைத்தார். நவம்பரில் நத்தானியேல் பால்மர் என்ற 21 வயது அமெரிக்க இளைஞர், ஹீரோ என்ற சின்னப் பாய்மரக் கப்பலில் அந்தப் பக்கம் வந்தார். கப்பலின் நீளம் 14 மீட்டர்தான். அவருக்கு நிலம் தேடும் வேலை இல்லை. தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் நீர்நாய்களைத் தோலுக்காக அடிக்கும் கூட்டத்தோடு வந்தவர், கரை ஒன்று தீர்ந்துபோனால் அடுத்த கரை தேடிப் போக வேண்டும், அப்படிப் போனபோது பார்த்தது. இந்தத் தீவுகள் தெரியவந்ததே 1819ல்தான், சில வருஷத்துக்குள் அங்கே தோலுக்கான உயிர் எதுவும் மிச்சமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். படத்தில் பெயர் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகமும் வரும்.

கிரஹாம் என்ற பெயர் 1832ல் வந்தது. ஜான் பிஸ்கோ என்ற கப்பல் தலைவர் பிப்ரவரி 21ல் ஆன்வர்ஸில் கரையிறங்கி, அதைப் பெருநிலம் என்றே நினைத்து, பிரிட்டிஷ் மன்னர் பெயரால் உரிமை கொண்டாடினார். அப்போது கடற்படைத் துறைக்குத் தலைவராக லண்டனில் இருந்தவர் சர் ஜேம்ஸ் கிரஹாம். அவர் இந்தப் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்த பிரான்ஸ்ஃபீல்டின் பெயர் நீரிணைக்குப் போய்ச் சேர்ந்தது, பார்க்காதவர் பெயர் நிலத்தில் நின்றுவிட்டது. எனக்கு இதில் இன்றும் ஆதங்கம் உண்டு.

ஜூன் 6

சிறு திருத்தம். மேலே 'நீர்நாய்' என்று எழுதியதைக் கடல்நாய் என்று வாசிக்கவும், நீர்நாய் ஆற்றில் வாழ்வது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஜூன் 7, இரவு

இது தீபகற்பமே இல்லை, தீவுக்கூட்டம் என்று சில வருஷம் உலகம் நம்பியது என்று யாருக்காவது தெரியுமா? எனக்கு இந்தக் கதை மனசுக்கு ரொம்ப நெருக்கம், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

1928 டிசம்பர் 20ல் ஹியூபர்ட் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியர், கார்ல் பென் ஐல்சன் விமானம் ஓட்ட, டிசெப்ஷன் தீவிலிருந்து கிளம்பி வாலின் முதுகோடு தெற்கே பறந்தார். அண்டார்டிகாவில் விமானத்தில் ஏறி நிலம் கண்டறிந்த முதல் முயற்சி அது. மேலிருந்து பார்த்தபோது மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தட்டையாக, வெள்ளையாகப் பாதைகள் போவது தெரிந்தது. உறைந்த கடல் என்று முடிவு செய்து கிரேன் கால்வாய், கேசி கால்வாய், லூராபீ கால்வாய், கடைசியில் அகலமாக ஸ்டீஃபான்சன் நீரிணை என்று பெயர் வைத்தார். பணம் கொடுத்த பத்திரிகை முதலாளியின் பெயரால் தெற்கே ஹெர்ஸ்ட் லாந்து. அட்லஸ்காரர்கள் வாலைத் துண்டு துண்டாக வெட்டிப் படம் போட்டார்கள்.

1934 முதல் 1937 வரை ஜான் ரைமில் தலைமையில் ஒரு சின்னக் குழு பெனோலா என்ற கப்பலில் போய் நாய் வண்டியில் தரையோடு அளந்தது. கால்வாய் என்று சொன்ன இடங்களில் கால்வாய் இல்லை, மலைமேலிருந்து இறங்கும் பனியாறுகள்தான் இருந்தன. நீரிணை என்று வில்கின்ஸ் சொன்னது பெருநிலத்தைப் பிரிக்கவே இல்லை. வாலை மறுபடி ஒட்டவைத்தது இந்தக் குழுதான். ரைமிலும் ஆஸ்திரேலியர். இருவருமே தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள், கப்பலின் பெயரே ரைமிலின் சொந்த ஊர்ப் பெயர்.

கிரேன் கால்வாய் இப்போது படத்தில் கிரேன் பனியாறு.

ஜூன் 8, அதிகாலை

தூக்கம் வரவில்லை, அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1987ல் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் படம் வரையும் வேலையில் இருந்தேன். பள்ளிச் சுவரில் மாட்டுவார்களே, துணி ஒட்டி மேலும் கீழும் கட்டை வைத்த படம், அதற்குக் கோடும் எழுத்தும் போடுவது. கண்ணாடி மேசை, அடியில் குழல் விளக்கு, மேலே மூலப்படம், அதன் மேல் படலம். மைப்பேனாவைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு தடித்துவிடும். உலகப் படத்துக்கு மூலமாக எனக்குத் தந்தது முப்பதுகளில் அச்சான ஓர் அட்லஸ். அதில் அந்த வாலைக் குறுக்கே இரண்டு நீலக்கோடு வெட்டியிருந்தது. நானும் அப்படியே வரைந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் கரை போட்டு, நடுவில் கடலுக்குரிய புள்ளி வைத்தேன்.

படம் அச்சாகி வெளியே போன பிறகு, ஒரு நூலகத்தில் புதிய அட்லஸைப் புரட்டியபோதுதான் வால் முழுசாக இருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு வயிற்றில் ஏற்பட்ட கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவ்வளவு தெற்கே யார் பார்க்கப் போகிறார்கள், தட்டு தேய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த பதிப்புக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை எத்தனை வகுப்பறைச் சுவரில் அந்தத் துண்டு துண்டான வால் தொங்கியிருக்கும் என்று நினைத்தால் மனசு கேட்பதில்லை. அப்போது தொடங்கி இந்த ஒரு இடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10

வில்கின்ஸைப் பற்றி நான் எழுதியது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

முதலாவது, 1929 டிசம்பரில் அவர் மறுபடி பறந்தார். வாலின் தென்மேற்கே ஷார்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1910ல் தூரத்தில் பார்த்து 'ஷார்கோ நிலம்' என்று தன் தந்தை பெயரை வைத்திருந்தார். வில்கின்ஸ் அதைச் சுற்றிப் பறந்து, அது தனித் தீவு என்று காட்டினார். அங்கே அவர் சொன்னது முழுக்கச் சரி. பக்கத்திலேயே இருக்கும் அலெக்சாண்டர் தீவைப் பெல்லிங்ஸ்ஹவுசன் 1821ல் பார்த்து 'அலெக்சாண்டர் நிலம்' என்றார். அது தீவு என்று உறுதியாக 1940 டிசம்பர் ஆயிற்று, அமெரிக்கக் குழுவின் ஃபின் ரோன்னேவும் கார்ல் எக்லண்டும் நாய் வண்டியில் போய்ப் பார்த்த பிறகுதான். தீவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவே இருப்பது ஆறாம் ஜார்ஜ் சவுண்ட் என்ற நீளமான கடல் வாய்க்கால், அதன் மேல் தடித்த பனித்தட்டு மூடியிருக்கிறது. மேலே நடந்து போகிறவனுக்கு நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? ஆக, நிலம் என்று நினைத்தது தீவாகவும், தீவு என்று நினைத்தது நிலமாகவும் மாறிய இடம் இது.

இரண்டாவதுதான் என்னை ஆட்டிவைத்தது. ரேடார் வைத்துப் பனிக்கு அடியில் பாறையின் உயரத்தை அளந்திருக்கிறார்கள். பனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த வால் ஒரே நிலமாக இல்லை. பாறைத் தீவுகளின் வரிசை. நடுவே ஆழமான பள்ளங்கள், அவற்றின் அடி கடல் மட்டத்துக்கு வெகு கீழே. அந்தப் பள்ளங்களில் தரைதட்டி நிற்கும் பனிதான் தீவுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வில்கின்ஸ் சொன்ன இடத்தில் சொன்ன கால்வாய் இல்லை, அது வேறு விஷயம், அவர் பார்த்தது பனியாற்றின் முதுகைத்தான். ஆனாலும் தீவுகள் என்ற அந்த எண்ணம் முழுப் பொய் என்று இனி நான் சொல்ல மாட்டேன். 1987ல் நான் போட்ட நீலக்கோடு தப்புதான், அதில் மாற்றமில்லை.

ஜூன் 11

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அண்ணர் கேட்கிறார், எங்களிடம் குடாநாடு என்ற நல்ல சொல் இருக்க நீங்கள் ஏன் தீபகற்பம் என்று எழுதுகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. குடாநாடு அழகான சொல், கடல் உள்ளே புகுந்து குடா குடாவாக இருக்கும் நாடு. கிரஹாம் லாந்தின் மேற்குக் கரையைப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தும், அவ்வளவு குடா.

ஆனால் தீபகற்பம் என்ற சொல்லை இந்த இடத்துக்கு விடமாட்டேன். பள்ளியில் எங்கள் வாத்தியார் கர்ப்பத்தோடு சேர்த்து விளக்கம் சொல்லுவார், நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் நம்பினேன். அது கர்ப்பம் இல்லை. வடமொழியில் 'கல்ப' என்று ஒரு ஒட்டு உண்டு, 'கிட்டத்தட்ட அது, ஆனால் முழுசாக இல்லை' என்று பொருள். துவீபகல்பம், தமிழில் தீபகற்பம். தெலுங்கில் இன்றும் துவீபகல்பம் என்றே எழுதுகிறார்கள். கிட்டத்தட்டத் தீவு. பனிக்கு அடியில் தீவு வரிசை, மேலே பனி ஒட்டவைத்த நிலம், அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எந்த மொழியிலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். லத்தீனில் இருக்கிறது, 'பேனே' என்றால் கிட்டத்தட்ட, 'இன்சுலா' என்றால் தீவு. ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

ஜூன் 11, சற்று பின்

மூவலந்தீவு என்றும் எழுதுகிறார்கள், மறந்துவிட்டேன். மூன்று பக்கமும் நீர் வலம் வரும் தீவு. நல்ல சொல்தான், ஆனால் படத்தில் எழுதிப் பழக்கமில்லை.

ஜூன் 14

பெயர்களை மொழிபெயர்க்கலாமா, ஒலிபெயர்க்க வேண்டுமா? கேள்வி கேட்டவரின் பையன் 'ஹோப் பே' என்று எழுதியிருக்கிறானாம், நம்பிக்கை விரிகுடா என்று எழுதலாமா என்கிறார். தாராளமாக எழுதலாம். ஆப்பிரிக்காவின் முனையை நன்னம்பிக்கை முனை என்றுதானே நாம் எல்லோரும் படித்தோம். அர்ஜென்டினாக்காரர்களும் தங்கள் மொழியில் எஸ்பெரான்சா என்றுதான் எழுதுகிறார்கள், அதற்கும் நம்பிக்கை என்றுதான் பொருள்.

ஆனால் அங்கே நடந்தது தெரிந்து எழுதட்டும். 1902 டிசம்பர் கடைசியில், ஸ்வீடன் நாட்டு ஓட்டோ நோர்டென்ஷ்யோல்டின் குழுவுக்குச் சேதி கொண்டுபோக மூன்று பேரை ஒரு கப்பல் இந்த விரிகுடாவில் இறக்கிவிட்டது. ஆண்டர்சன், டூசே, குருண்டன். கப்பலின் பெயரே அண்டார்டிக், தலைவர் கார்ல் அன்டன் லார்சன். கடல் இடையில் திறந்து கிடந்ததால் மூவராலும் போய்ச் சேர முடியவில்லை, திரும்பி வந்து காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. 1903 பிப்ரவரியில் பனி நெருக்கி அது மூழ்கியதே அவர்களுக்குத் தெரியாது. கல்லை அடுக்கிக் குடிசை கட்டி, பெங்குவினும் கடல்நாயும் தின்று, கடல்நாய்க் கொழுப்பில் விளக்கெரித்து ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தார்கள். வசந்தம் வந்ததும் மறுபடி நடந்தார்கள். அக்டோபர் 12ல் பனியில் எதிரே இரண்டு பேர் வருவது தெரிந்தது, அதில் ஒருவர் நோர்டென்ஷ்யோல்ட். கொழுப்புப் புகையில் முகம், துணி எல்லாம் கரிய கோலத்தில் வந்தவர்களை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. தன் ஆட்கள்தான் என்று தெரிந்ததும் அந்த முனைக்கு 'கேப் வெல்மெட்' என்று பெயர் வைத்தார். நல்லவேளை சந்தித்தோம் என்ற மாதிரி. அந்தப் பெயரை எப்படித் தமிழில் எழுதுவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். 'நற்சந்திப்பு முனை' என்று ஒருவர் தந்திருக்கிறார். எனக்குச் 'சந்தித்த முனை' போதும் என்று படுகிறது.

அந்த ஆண்டு நவம்பரில் அர்ஜென்டினாவின் உருகுவே என்ற போர்க்கப்பல் வந்து எல்லோரையும் மீட்டது. கல் குடிசையின் மிச்சம் இன்றும் எஸ்பெரான்சா நிலையத்தில் இருக்கிறது. 1978 ஜனவரியில் எமிலியோ பால்மா பிறந்தது அதே நிலையத்தில், அண்டார்டிகப் பெருநிலத்தில் பிறந்த முதல் குழந்தை. 2020 பிப்ரவரி 6ல் 18.3 டிகிரி செல்சியஸ் பதிவானதும் அங்கேதான்.

ஜூன் 15

'வீங்கே தீவு' யார் பெயர் என்று கேட்டவருக்கு: கார்ல் ஆகஸ்ட் வீங்கே, நார்வே நாட்டு இளம் மாலுமி. அட்ரியன் டி ஜெர்லாஷின் பெல்ஜிகா கப்பலில் வந்தவர். 1898 ஜனவரி 22, புயல். தளத்தில் ஏறிய தண்ணீர் வடியும் துளைகளை நிலக்கரி அடைத்துக்கொண்டது, அதைக் குத்தி எடுக்கும் வேலையில் இருந்தவர் கடலில் விழுந்துவிட்டார். கப்பலுக்குப் பின்னால் வேகம் அளக்க விட்டிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார், இழுத்தார்கள், கிட்ட வந்தார். லெகுவாந்த் என்ற அதிகாரி தன்னைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லி அந்தத் தண்ணீருக்கே போனார். பிடிக்க முடியவில்லை. சில நாளில் அவர்கள் கண்டறிந்த நீரிணையில் ஒரு தீவுக்கு அந்தப் பையன் பெயர். பக்கத்துத் தீவுகளுக்கு ஆன்வர்ஸ், பிராபான்ட், லியேஜ் என்று பணம் உதவிய பெல்ஜிய ஊர், மாகாணப் பெயர்கள். கரைக்கு டாங்கோ என்ற பெயர், அதே பயணத்தில் அந்த ஜூனில் இறந்துபோன அதிகாரி. நிலத்தின் மேல் உள்ள ஆயிரம் பெயர்களில் எனக்கு மறக்காத பெயர் வீங்கே.

ஜூன் 19

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், எல்லாம் காலனிக்காரன் வைத்த பெயர் என்று. பாதி உண்மை. 1908ல் பிரிட்டன் வெளியிட்ட உரிமைப் பத்திரத்தில் எல்லையை எவ்வளவு அவசரமாக எழுதினார்கள் என்றால், வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டால் தென் அமெரிக்காவின் தென்கோடி நிலமும் உள்ளே வந்துவிடும். 1917ல் திருத்தினார்கள். 1940ல் சிலியும் அடுத்த சில வருஷத்தில் அர்ஜென்டினாவும் உரிமை கோர, மூன்று பேரின் கோரிக்கையும் இந்த வாலின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. 1952 பிப்ரவரியில் ஹோப் விரிகுடாவில் இறங்கிய பிரிட்டிஷ் குழுவின் தலைக்கு மேலே அர்ஜென்டினாக்காரர்கள் சுட்டார்கள். 1959 டிசம்பர் 1ல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம், 4வது பிரிவில், இந்தக் கோரிக்கைகளை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைத்தது. அதற்கு ஐந்தாவது வருஷம்தான் யார் பெயரும் இல்லாத பெயர் வருகிறது. அதனால்தான் எனக்கு 'அண்டார்டிக் தீபகற்பம்' பிடிக்கும். சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் அவரவர் பழைய பெயர் இன்றும் உண்டு.

காலனி நாடுகள் மட்டும் வைத்தது என்பது மீதிப் பாதியில் சரியில்லை. அதிகம் பெயர் வைக்கிறவர்களில் பல்கேரியா ஒன்று, 1994 முதல் அவர்களுக்கென்று ஒரு பெயர்க்குழு இருக்கிறது, தங்கள் ஊர்களின் பெயரை நூற்றுக்கணக்கில் இங்கே வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டர் தீவில் பேத்தோவன் தீபகற்பம், பாக் பனித்தட்டு, மொசார்ட் மலையடிவாரப் பனி என்று இசைக்காரர்கள் வரிசை.

இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்கள் இங்கே இல்லை, இரண்டும் கண்டத்தின் கிழக்குப் பாதியில்.

ஜூன் 20

உயரமான மலை ஜாக்சன் என்று பழைய புத்தகங்களில் இருக்கும், 3,184 மீட்டர். 2017ல் மறுபடி அளந்ததில் பால்மர் லாந்தின் மவுண்ட் ஹோப் 3,239 மீட்டர் என்று வந்தது. 55 மீட்டர் கூடுதல். பையன் ஹோப்பைக் குறிக்கட்டும்.

ஜூன் 26, இரவு

கடைசியாக லார்சன். மேலே மூழ்கிய கப்பலின் தலைவர் என்று சொன்னேனே, அவர் 1893ல் ஜேசன் என்ற கப்பலில் கிழக்குக் கரையோரம் வந்தவர். அங்கே கடலில் மிதக்கும் பனித்தட்டுக்கு அவர் பெயர். வடக்கிலிருந்து தெற்காக ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்வார்கள். ஏ 1995ல் உடைந்தது. பி 2002ல், சுமார் 3,250 சதுர கி.மீ., ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள். சி-யிலிருந்து 2017 ஜூலையில் 5,800 சதுர கி.மீ. அளவில் ஒரு துண்டு பிரிந்தது. நான் வரைந்த காலத்தில் இந்தத் தட்டின் விளிம்பைக் கரை மாதிரியே தடித்த கோட்டில் போடுவோம். யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை.

பி உடைந்ததும் அதற்குப் பின்னால் இருந்த பனியாறுகளுக்குத் தடுப்பு போய்விட்டது, வேகமாகக் கடலில் இறங்க ஆரம்பித்தன. அதில் ஒன்று கிரேன். ஆம், கிரேன் கால்வாயாக இருந்து கிரேன் பனியாறாகத் திருத்தப்பட்டதே, அதேதான். அதன் முகம் பின்வாங்கிய இடத்தில் இப்போது கடல்நீர். பக்கத்தில் ஹெக்டோரியா, வில்கின்ஸை ஏற்றிவந்த திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர். 2022 இறுதியில் இரண்டே மாதத்தில் 8 கி.மீ. அளவுக்கு அது பின்வாங்கியது. வில்கின்ஸ் அங்கே மலையிடுக்கில் புகுந்த கடல் என்று எழுதினார், பின்னால் வந்தவர்கள் பனியாறு என்று திருத்தினார்கள். இப்போது உள்ளே கடல் போய்க்கொண்டிருக்கிறது. அவர் பெயர் தாங்கிய வில்கின்ஸ் பனித்தட்டு, ஷார்கோ தீவைப் பிடித்திருந்தது, அந்தப் பனிப் பாலமும் 2009 ஏப்ரலில் உடைந்தது.

இதை எழுதும்போது என் கண்ணாடி மேசையும் அந்த இரண்டு நீலக்கோடும்தான் கண்முன் நிற்கிறது.

ஜூன் 27

பையனின் படம் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறது, அதற்கு மட்டும் பதில்.

பாறை தெரியும் கரையையும் தீவுகளையும் மையால் போடு தம்பி. 'அண்டார்டிக் தீபகற்பம்' என்பது நீளமான பெயர், வால் வளைந்து மெலிவதால் நிலத்தின் மேல் அடங்காது, எழுத்தை நசுக்காதே, வெட்டல் கடல் பக்கம் காலியாக இருக்கிறது, அங்கே வளைவை ஒட்டி எழுத்துகளைத் தள்ளித் தள்ளி எழுது. ஜெரமியிலிருந்து அகாசிஸுக்குப் புள்ளிக்கோடு. மேலே கிரஹாம் லாந்து, கீழே பால்மர் லாந்து. வீங்கே தீவு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக வரும், பரவாயில்லை, ஒரு புள்ளி வைத்துப் பெயரைக் கடலில் எழுதி ஒரு மெல்லிய கோட்டால் சேர்த்துவிடு. லார்சன் சி-யின் விளிம்பை மட்டும் மையில் போடாதே, பென்சிலில் போடு.